திட்டு சிஸ்டர்

"திட்டு. வாய்க்கு வந்தபடி திட்டு. கையை மட்டும் இழுத்துடாத."

கையுறையை மாட்டும்போதே இதைச் சொல்லிவிடுவார், தீக்காயப் பிரிவில் கட்டு மாற்றும் அந்த சிஸ்டர். இன்று எதிரே படுத்திருந்தவர் நரைத்த மீசைக்காரர், ஆலையில் கொதிகலன் வேலை. இரண்டு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். மூன்றாவது நிமிடம் சிஸ்டரின் ஏழு தலைமுறையையும் சந்திக்கு இழுத்துவிட்டார்.

"அவ்ளோதானா? நேத்து வந்த லாரி டிரைவர் இன்னும் நல்லா திட்டினாரு" என்றபடி சிஸ்டர் அடுத்த சுற்றைப் பிரித்தார்.

பத்தொன்பது வருடமாக இதே அறை. 'திட்டு சிஸ்டர்' என்றால்தான் வாட்ச்மேனுக்கும் தெரியும். ஐம்பதை நெருங்கும் ஒடிசலான உடம்பு. குனிந்து குனிந்து முதுகு போய், இடுப்பில் பெல்ட். வீட்டில் சின்னச் சத்தமும் ஆகாது. குக்கர் விசிலடிக்கும் முன்பே அடுப்பை அணைத்துவிடுவார். அரைவேக்காட்டுச் சோறு அவர் கணவருக்குப் பழகிவிட்டது. அதற்கும் கண்மூடிக் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார். அதுவரை சிஸ்டரும் தட்டைத் தொடமாட்டார். கண்ணை மட்டும் மூடமாட்டார்.

"எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்மா" என்பார் கணவர்.

"இருக்கட்டும். உங்க கடவுளை என் வார்டுக்கு வந்து அதைச் சொல்லச் சொல்லுங்க."

போன மாதம் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். குளிக்க வைத்திருந்த வெந்நீர் வாளி. துண்டெடுக்க அம்மா திரும்பிய நேரம், கால் வழுக்கி அதில் விழுந்துவிட்டாள். கழுத்துக்குக் கீழே தோலென்று அதிகம் மிச்சமில்லை.

"திட்டு கண்ணு."

"என்னன்னு திட்டணும்?"

"உனக்குத் தெரிஞ்சதைத் திட்டு."

சிறுமி யோசித்தாள். "போடி குண்டு" என்றாள். அப்புறம் அலறத் தொடங்கினாள்.

வெளியே பெஞ்சில் அவள் அம்மா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வாரம் ஒருமுறை பழப்பையோடு வந்து நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் பெரியவர் ஒருவர் அவள் பக்கத்தில் இருந்தார்.

"உள்ள சிஸ்டர் கட்டுப் பிரிக்கிறாங்க, பிள்ளை துடிக்குது. நல்லதுக்குத்தான்னு அதுக்குத் தெரியுமா? கடவுளும் அப்படித்தாம்மா."

தட்டோடு வெளியே வந்த சிஸ்டர் நின்றார்.

"ஐயா, என்னை அவரோட சேர்க்காதீங்க. வலிக்காம செய்ய எனக்கு வழி தெரியல. தெரிஞ்சா இப்படிப் பிரிக்கிறதை இன்னைக்கே விட்டுடுவேன். எல்லாம் தெரிஞ்சவருன்னு அவரைத்தானே சொல்றீங்க?"

பெரியவர் பழப்பையைப் பெஞ்சில் இறக்கி வைத்தார். "அப்போ அவர் இல்லவே இல்லைன்னு சொல்றியாம்மா?"

"இல்லாதவரைத் தினம் திட்ட எனக்கென்ன பைத்தியமா?"

அம்மாக்காரி சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாளியை வச்சது நான். தண்டனைன்னா எனக்குத்தானே வரணும்? குழந்தைக்கு எதுக்கு சிஸ்டர்?"

ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடத்தில் அந்த வித்தை மட்டும் கைவரவில்லை.

"தண்டனை கிண்டனைன்னு பேசாத. பிள்ளைக்குக் கால் வழுக்கிடுச்சு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அப்போதுதான் அவள் அழுதாள். பெரியவர் பழப்பையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

காயத்தில் சீழ் பிடித்துக் காய்ச்சல் ஏறியது. ஒன்பதாம் நாள் காலை, டாக்டர் சுற்றுக்கு வரும் நேரத்தில், சிறுமி இறந்துபோனாள்.

உடலை வீட்டாரிடம் ஒப்படைக்கும் முன் பழைய கட்டை எடுத்துவிட்டுப் புதுத்துணி சுற்ற வேண்டும். காய்ந்த துணி புண்ணோடு ஒட்டிக் கிடந்தது. வார்டு ஆயாவுக்கு அடுத்த படுக்கைக்கு விரிப்பு மாற்றும் அவசரம்.

"வெட்டி இழுத்துடலாம் சிஸ்டர். இனிமே என்ன, வலிக்கவா போகுது?"

சிஸ்டர் ஆயாவின் கையை மெல்ல விலக்கினார். குவளையில் வெதுவெதுப்பான உப்புநீர் கொண்டுவந்து, தன் புறங்கையில் கொஞ்சம் ஊற்றிச் சூடு பார்த்தார். பிறகு கட்டின்மேல் சொட்டுச் சொட்டாக விட்டு, துணி தானாக இளகி விடட்டும் என்று குனிந்தபடியே காத்து நின்றார்.