காம்பின் நீளம்

பாகலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ரோஜாப் பண்ணைக்கு, ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து தரம் பார்க்க ஒருவர் வருவார். கசங்காத வெள்ளைச் சட்டை. பூவின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். காம்பில் ஸ்கேலை வைப்பார். விரலகலம் குறைந்தாலும் கழித்துவிடுவார். அவரைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள், கழித்த பூவிலிருந்தே ஒரு கட்டுப் பூ எடுத்துக்கொண்டார்.

"வீட்ல சாமி படத்துக்கு," என்றார்.

"ஆகாதுன்னு நீங்க கழிச்சது சாமிக்கு மட்டும் ஆகுமா சார்?" என்றேன்.

"ஃபாரின்காரன் காம்பை அளப்பான். சாமி அளக்குமா?"

அந்தப் பூக்கட்டைப் பிடுங்கி எருக்குழியில் வீசினேன். அவர் முகம் மாறவில்லை. அடுத்த பெட்டியைத் திறந்து அளக்க ஆரம்பித்தார்.

அவர் சொன்னதில் என்ன தப்பு என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனாலும் அந்த ஆளை மன்னிக்க மனம் வரவில்லை.