ஆணியில் குத்திய சீட்டுகள்

புதுக் கடைக்கு வேலையாகப் போனால் சுலோச்சனா முதலில் சுவரைப் பார்ப்பாள். ஆணி இருக்கிறதா, ஆணியில் காகிதம் குத்தியிருக்கிறதா என்று. தேனாம்பேட்டை அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர்கள் இதைக் கேலி செய்வார்கள். அவள் காரணம் சொன்னதில்லை.

தொண்ணூற்று மூன்றில் அவளுக்கு முப்பத்தோரு வயது. மயிலாப்பூரிலிருந்து தினமும் பஸ். கடைகளுக்குச் சரக்கு இருப்புப் பார்க்கும் மென்பொருள் செய்து தருகிற சின்னக் கம்பெனி அது. புரோகிராம் எழுத வேறு ஆட்கள் இருந்தார்கள். கடைக்குப் போய் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவதுதான் அவள் பாடு. கேட்பதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள்.

அந்த ஆகஸ்டில் தி. நகரில் கோதண்டபாணி என்பவரின் கடைக்கு அனுப்பினார்கள். தண்ணீர் திறக்கும் டேப், பைப், வாஷ்பேசின் வியாபாரம். பின்கட்டில் கிடங்கு. கிடங்கு ஷாஹுல் ஹமீது பொறுப்பில் இருபத்திரண்டு வருஷமாக இருந்தது. எல்லோருக்கும் அவர் பாய். அவர் நாற்காலிக்கு மேலே சுவரில் ஒரு நீள ஆணி. அதில் காலண்டர் தாள், சிகரெட் அட்டை என்று கிறுக்கல்கள் கொத்தாகக் குத்தியிருந்தன. அது என்ன என்று அவள் கேட்டாள்.

"எத்தினி டேப்பு வேணும்னு பிளம்பருக்கே தெரியாதும்மா. எட்டு மாட்டணும்னா பத்து எடுத்துக்கினு போவான். மாட்டினது போக மீதி திரும்பி வரும். அதுவரிக்கும் அது வித்த சரக்கும் இல்ல, கையில கீற சரக்கும் இல்ல. யாரு எத்தினி எடுத்தான்னு கிறுக்கிக் குத்திடுவேன். அதான் ஆணி."

சொன்னபடியே நோட்டில் எழுதிக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போதே சங்கடம் தொடங்கிவிட்டது. அவர்கள் மென்பொருளில் வரவு உண்டு, விற்பனை உண்டு. இரண்டுக்கும் நடுவே நிற்கிற சரக்குக்கு இடம் இல்லை. சேர்த்தால் மூன்று வாரம் கூடும். கோதண்டபாணியோ ஆயுத பூஜைக்குப் பழைய இருப்புப் புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டு, விஜயதசமியன்று கம்ப்யூட்டரில் தொடங்குவது என்று தீர்மானித்திருந்தார். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுபடி எடுத்து எழுதக் கூடாது என்பதும் அவர் தீர்மானம். புத்தகமும் கம்ப்யூட்டரும் இரண்டு மாதமாவது சேர்ந்து ஓட வேண்டும் என்று எல்லாக் கடையிலும் சொல்கிறவள், இங்கே சொல்லவில்லை. நல்ல நாளைத் தள்ளச் சொன்னால் வேலையே கைவிட்டுப் போகும் என்று அவள் மேலாளர் சொல்லியிருந்தார். அறிக்கையில், வெளியே போகும் சரக்கெல்லாம் பில் வழியாகவே போகும் என்று ஆங்கிலத்தில் டைப் அடித்தாள். கோதண்டபாணி கையெழுத்துப் போட்டார். பாய்க்கு யாரும் காட்டவில்லை.

பூஜைக்கு முன் கிடங்குக்கு வெள்ளையடித்தார்கள். ஆணியைப் பிடுங்கினார்கள். இனி எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும் என்று கோதண்டபாணி சீட்டுகளைக் குப்பையில் போடச் சொன்னார். மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். பொரிகடலை கொடுத்தார்கள். பழைய புத்தகத்திலிருந்த எண்ணிக்கை அப்படியே தொடக்க இருப்பாக ஏறியது. பிளம்பர்கள் கையில் இருந்ததும் அதில் அடக்கம்.

ஜனவரியில் சரக்கை எண்ணினார்கள். கம்ப்யூட்டர் காட்டியதைவிட நூற்று நாற்பது டேப் குறைந்தது. கோதண்டபாணி அவளை வரவழைத்தார். பாய் கதவோரம் நின்றிருந்தார்.

"மேடம், உங்க கம்ப்யூட்டர் தப்பாக் காட்டுமா?"

"நாம போட்டதத்தான் சார் காட்டும். புரோகிராம்ல தப்பு இல்ல."

அது பொய் இல்லை. பாய் அவளைப் பார்த்தபடி சொன்னார்.

"ஆணி விஷயம் மேடத்தாண்ட அப்பவே சொன்னேன் மொதலாளி."

நோட்டு அவள் மடியில், பைக்குள் இருந்தது. பக்கம்கூட நினைவிருந்தது.

"ஆணிச் சீட்டெல்லாம் இந்தக் கணக்குல வராது சார்," என்றாள்.

கோதண்டபாணி திட்டவில்லை. கிடங்குச் சாவியை மட்டும் கேட்டார். பாய் கொத்தை மேஜையில் சத்தம் வராமல் வைத்துவிட்டுப் போனார்.

கடையில் மென்பொருள் நன்றாக ஓடியது. கோதண்டபாணி பாராட்டுக் கடிதம் கொடுத்தார். மேலாளர் அதைக் கண்ணாடி போட்டு அலுவலக வாசலில் மாட்டினார். அதைக் காட்டியே இன்னும் இரண்டு கடை பிடித்தார்கள். சுலோச்சனா தினமும் அதன் கீழே செருப்பைக் கழற்றினாள். வீட்டில் சாப்பாடு பாதியில் நிற்கும். தலைவலி என்பாள்.

மறு வருஷம் வேறொரு கடைக்காரர், பில் போடாமல் வெளியே நிற்கிற சரக்குக்கும் இடம் வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்டார். சேர்த்தார்கள். சரியாக மூன்று வாரம் ஆயிற்று. அன்று மாலை நோட்டை எடுத்துக்கொண்டு கோதண்டபாணியிடம் போனாள். பாய் சொன்னதைத் தான் விட்டுவிட்டதையும், டேப் பிளம்பர்கள் கையோடு போயிருக்கும் என்பதையும் சொன்னாள். அவர் பக்கத்தைப் படித்தார். முகம் கொஞ்சம் மாறியது. பிறகு நோட்டைத் திருப்பித் தந்தார்.

"இப்ப நல்லாத்தானே ஓடுது மேடம். எதுக்குக் கிளறிக்கிட்டு?"

பாய் கே.கே. நகரில் ஒரு டைல்ஸ் கடையில் சுமை இறக்குவதாகக் கடைப் பையன்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை போனாள். அவர் இளைத்திருந்தார். இன்னாம்மா என்று கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அவள் நோட்டை நீட்டினாள். தான் சொன்ன வார்த்தைகளை அவர் விரல் வைத்துப் படித்தார்.

"அன்னிக்கு இது உங்க பையில இருந்திச்சா?"

"இருந்தது பாய்."

அவர் தலையாட்டினார். லாரியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று கை காட்டினார்.

"இந்தத் தாள எனக்குத் தர்றீங்களா? வூட்டுக்காரி சகினா இன்னும் கேட்டுக்கினு கீறா, நெசமாவே நீ எடுக்கலியான்னு."

சுலோச்சனா தாளைக் கிழித்தாள். ஓரம் கோணலாக வந்தது. அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டார். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் பரவாயில்லை என்று சொல்லிவிடுவாரோ என்றிருந்தது.

அவர் சாலையின் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்.

"பஸ்ஸு அந்தாண்ட பக்கம்மா," என்றார். லாரியை நோக்கிப் போனார்.