பதினோரு வருஷமாக இனிஷியல்

எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்டை எல்லோரும் 'இனிஷியல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயருக்கு முன்னால் போடுகிற எழுத்து இல்லை இது. அவள் வேலை உத்தரவில் 'இனிஷியல் அப்பாயின்ட்மென்ட்' என்று இருக்கும். அதாவது முதற்கட்ட நியமனம், பதினோரு மாதத்துக்கு மட்டும். அது முடிந்ததும் ஒரு நாள் வீட்டில் உட்காரவைத்துவிட்டு, மறுநாள் புது உத்தரவு தருவார்கள். அதிலும் அதே வார்த்தை. அதை டைப் அடிப்பவளும் அவளேதான். பக்கத்து மேஜையில் தபால் பார்க்கும் எனக்கே வயிறு எரியும்.

நிரந்தரமானால்தான் இடமாற்றம் கேட்கலாம். புருஷனுக்கு வேறு ஊரில் வேலை. இவள் மகளோடு நாத்தனார் வீட்டு மாடி அறையில், குழாயைத் திறக்கக்கூட அனுமதி கேட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறாள்.

இந்தத் தடவை உத்தரவு அடிக்கிற அன்று மகளின் இங்கிலீஷ் நோட்டைக் காட்டினாள். இனிஷியல் என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுத வேண்டுமாம். 'என் அம்மா பதினோரு வருஷமாக இனிஷியல் வேலையில் இருக்கிறாள்' என்று எழுதியிருந்தது குழந்தை. டீச்சர் சிவப்பில் அடித்து, 'தவறு. தொடக்கத்தில் மட்டும் இருப்பதற்கே இந்தச் சொல் வரும்' என்று எழுதியிருந்தார்.

"டீச்சருக்குத் தெரியுது, நம்ம மேனேஜருக்குத் தெரியலையே!" என்றேன். "பேசாம அந்த வார்த்தையையும் பதினோரு மாசத்தையும் தூக்கிடு. அந்த மனுஷன் என்னிக்குப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரு?"

"ஐயோ, சும்மா இருங்கக்கா" என்றாள். ஆனால் தூக்கிவிட்டாள். மேனேஜர் போனில் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார், சீலும் விழுந்தது. எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது.

நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, மேனேஜர் அறையிலிருந்து இன்னொரு காகிதத்தோடு வந்தாள். பழைய வார்த்தை பழைய இடத்தில் இருந்தது. முதல் காகிதம் குப்பைக்கூடையில் துண்டு துண்டாகக் கிடந்தது.

"அடிப்பாவி! என்னடி பண்ணிட்ட?"

"மாட்டிக்கிட்டா இருக்கறதும் போயிடும்க்கா."

"மறுபடியும் எதுக்குக் கையெழுத்துன்னு அவர் கேக்கலையா?"

"இல்லக்கா. இதையும் அவர் படிக்கல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சாயங்காலம் வரை அவளோடு பேசவில்லை. கிளம்பும்போது, மகளுக்காக வேறு வாக்கியம் எழுதி வைத்திருப்பதாகச் சொல்லி நோட்டை நீட்டினாள்.

'இனிஷியல் பயம் சீக்கிரம் போய்விடும்' என்று இருந்தது.

"சரியாக்கா?" என்று கேட்டாள்.