மிஸ் ஓலெட்டாவும் வெள்ளை வண்டிகளும்

அமெரிக்காவில் கவுண்டி என்னும் எங்கள் சிறு மாவட்டத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் மிஸ் ஓலெட்டாவுக்கு இரண்டு விஷயங்கள் வராது. ஒன்று, மெதுவாகப் பேசுவது. மற்றது, வண்டிச் சாவியைக் கையோடு எடுத்துப்போவது. இரண்டாவது எங்கள் ஊரில் யாருக்குமே வராது. சாவி வண்டியிலேயே கிடக்கும். வண்டிகளும் பெரும்பாலும் ஒரே மாதிரி, பின்னால் திறந்த தட்டுள்ள வெள்ளை பிக்கப்தான்.

அதனால்தான் என் அண்ணன் கோல்பி மாட்டிக்கொண்டான். தேவாலய விருந்து முடிந்து வரும்போது, தன்னுடையது என்று நினைத்து, ஊருக்குப் புதிதாக வந்த ஹார்லனின் வெள்ளை பிக்கப்பை ஓட்டி வந்துவிட்டான். அவன் கவனிப்பதற்குள் ஹார்லன் புகார் கொடுத்துவிட்டார். அரசு வக்கீலும் வெளியூர்க்காரர்.

“சாவி உள்ளயே இருந்துச்சாம், தெரியாம எடுத்தானாம்! நம்புற கதையா இது?” என்று சிரித்தார்.

திருட்டு வழக்கு போடலாமா என்று கிராண்ட் ஜூரி என்ற குடிமக்கள் குழுதான் சொல்ல வேண்டும். எல்லோரும் ஊர்க்காரர்கள். நீதிபதி பிரூயிட், மிஸ் ஓலெட்டாவைத் தலைவியாக்கினார்.

“அவன் குத்தவாளியான்னு நீங்க தீர்மானிக்க வேண்டாம். வழக்குப் போடக் காரணம் இருக்கான்னு மட்டும் பாருங்க. உள்ள பேசுறது வெளிய வரக் கூடாது” என்றார்.

கதவு மூடியது. கோல்பிக்கு உள்ளே அனுமதியில்லை. அவனும் நானும் வாசலில் காத்திருந்தோம். ஜெயில் பயத்தில் அவன் எதுவும் சாப்பிடவில்லை.

மதிய இடைவேளையில் மிஸ் ஓலெட்டா கோழித்தீவனம் வாங்கப் போனார். திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும் பின்சீட்டிலிருந்து ஒரு வேட்டைநாய் தலையை நீட்டிக் குரைத்தது.

“அட, நீ யாரு?”

ஹாரன் அடித்தபடி இன்னொரு வெள்ளை பிக்கப் வந்தது. ஓட்டி வந்தவர் தீவனக் கடை பர்ல்.

“ஓலெட்டா! என் நாயவே கடத்திட்டுப் போறியே!”

“என் வண்டிய நீ ஏன் ஓட்டுற?”

“பின்ன, நடந்தா வருவேன்?”

படியில் அரசு வக்கீல் கடித்த ஆப்பிளோடு நின்றிருந்தார். மிஸ் ஓலெட்டா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“பர்ல், உள்ள வா. சத்தியம் பண்ணிட்டு இதையே சொல்லு.”

“நாயும் வரணுமா?”

“அது ரகசியம் காக்காது. வெளியிலேயே இருக்கட்டும்.”

நாய் கோல்பியின் மடியில் படுத்துக்கொண்டது.

மாலையில், திறந்த நீதிமன்றத்தில், மிஸ் ஓலெட்டா கையெழுத்திட்ட தாளை நீதிபதியிடம் கொடுத்தார். அவர் வாசித்தார்: வழக்குப் போடப் போதிய காரணம் இல்லை.

“வீட்டுக்குப் போ, கோல்பி. உன் வண்டியிலயே போ” என்றார்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று மிஸ் ஓலெட்டாவிடம் இன்றுவரை கேட்டுப் பார்க்கிறேன். “சத்தியம் பண்ணிருக்கேன், ஓடிப் போயிடு!” என்கிறார். வழக்கு முடிந்த கையோடு, இனி தன் வண்டி தனியாகத் தெரிய வேண்டும் என்று அதன் பக்கக் கண்ணாடியில் ஒரு சிவப்புத் துணி கட்டினார். அடுத்த ஞாயிறு தேவாலயத்துக்குப் போனால், ஹார்லனுடையது உட்பட வரிசையாக எல்லா வெள்ளை பிக்கப்பிலும் சிவப்புத் துணி. எல்லாவற்றிலும் சாவி உள்ளேதான்.