ஜில்பேரின் கமா

புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வரும் எடை மிஷினை ஜில்பேர் முதலில் முகர்ந்துதான் பார்ப்பார். "வஞ்சிர வாடைன்னா ஒயரு கழண்டிருக்கும். நெத்திலின்னா தண்ணி எறங்கியிருக்கும்" என்பார். பெரும்பாலும் அப்படியே இருந்து தொலைக்கும்.

முதலியார்பேட்டையில், என் வீட்டுக்கு எதிரே அவருக்குப் பழுது பார்க்கும் கடை. வயது ஐம்பத்தெட்டு. மீன் ஏலத்து மிஷின்களுக்குள் இருப்பது அரதப் பழைய சிப். எழுதிய நிரலை அந்தச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருவது ஒரு கம்பைலர். பல நாட்டுக்காரர்கள் கூடி எழுதி இலவசமாகக் கொடுப்பது. ஒவ்வொரு புதுப் பதிப்பும் வெளிவருமுன் ஜில்பேர் பழைய சிப்பில் ஓட்டிப் பார்த்துப் பதில் அனுப்புவார். பதினோரு வருடமாக ஒரே பதில்: 'ஓடுகிறது.'

"அதுக்கு மேல நமக்கு இங்கிலீஷ் வராது சார். பிரெஞ்சுல கேட்டா பக்கம் பக்கமா எழுதுவேன்."

இந்த முறை ஓடவில்லை. புதுப் பதிப்பில் புதிய சிப்புகளுக்கெல்லாம் இடமுண்டு, பிழையைத் தெளிவாகச் சொல்லும் வசதியும் உண்டு. பழைய சிப்பில் மட்டும் சோதனை தோற்றது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் கம்பைலர் ஏற்கும் சிப்புகளின் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிடுவோம் என்று எழுதிவிட்டார்கள்.

"பழைய பதிப்பு இருக்கிறதே?" என்றேன்.

"இருக்கு. நாளைக்கு அதுல பிழை வந்தா ஒருத்தனும் தொடமாட்டான். நாப்பது மிஷினு சார், அனாதையாயிடும்."

மூன்று நாள் சிப்பைக் குடைந்தார். எனக்கே பாவமாக இருந்தது. வியாழக்கிழமை, கம்பைலர் எழுதிய கோப்பில் 2.5 இருக்கவேண்டிய இடத்தில் 2,5 இருப்பதைப் பார்த்தார். மடிக்கணினி, பிரான்ஸில் துலூஸிலிருந்து மகள் ஈனெஸ் அனுப்பியது. அதில் எல்லாமே பிரெஞ்சு. பிரெஞ்சுக்காரர்கள் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, கமா போடுவார்கள். பழைய சிப்புக்கான பகுதியில் புதிதாகச் சேர்த்த ஒரு வசதி, கணினியின் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

"வுவாலா, இதோ மாட்டிக்கிச்சு. சிப்பு மேல தப்பே இல்ல. எங்க வூட்டுப் பழக்கம் சார் இது."

கணினியை ஆங்கிலத்துக்கு மாற்றினால் முடிந்ததே என்றேன்.

"எனக்கு முடிஞ்சிடும். கமா போடுற மத்தவனுக்கு?"

கம்பைலரிலேயே திருத்தினார். அதை ஆங்கிலத்தில் விளக்கி நாலு வரி எழுதத்தான் வெள்ளி காலை முழுக்க ஆயிற்று. மதியம் பதில் வந்தது. திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். சிப் பட்டியலில் இருக்கும். ஆனால் அதற்கு எதிரே பொறுப்பாளர் பெயர் காலியாகக் கிடக்கிறது, நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்டிருந்தார்கள்.

ஜில்பேர் இரண்டு தடவை படித்தார். பிரித்துப் போட்டிருந்த மிஷினை ஓரமாகத் தள்ளினார். சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைத் தட்டத் தொடங்கினார்.