விடுமுறை நாள்: கிடையாது

எங்கள் வீட்டில் ஓர் இடத்துக்குப் போய்விட்டு வந்தால் மட்டும் போதாது, அதை ஒட்டவும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஃபீல்ட் ட்ரிப், திங்கட்கிழமை ஸ்கிராப் புக். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவான நாளிலிருந்து இதுதான் சட்டம். சட்டம் போட்டவர் என் கணவர். ஒட்டுகிறவள் நான்.

அவருக்குப் பொதுத்துறை வேலை. மாற்றலாகி மாற்றலாகி, மகள் இரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் மூன்று பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். கல்கத்தாவில்தான் கொஞ்சம் நின்றோம். எனக்கும் கரியாஹாட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை கிடைத்தது. அதற்குள் அவருக்கு துர்காப்பூர் மாற்றல். "நான் முன்னாடி போறேன். பாப்பா வீட்லயே படிக்கட்டும், அப்பத்தான் எப்ப வேணா கிளம்ப முடியும். அதான் நீ இருக்கியே" என்றார். அந்த "நீ இருக்கியே"யில் என் வேலை போயிற்று. கிளம்பினோமா? எங்கே! அவர் துர்காப்பூரில், நாங்கள் கல்கத்தாவிலேயே, ஜாதவ்பூரில் இரண்டாம் மாடியில். ஞாயிறு மட்டும் வந்து எங்களை எங்கேயாவது அழைத்துப் போவார்.

ஸ்கிராப் புக் பக்கத்துக்குத் தலைப்புகளை அவரே அச்சடித்துக் கொடுத்திருந்தார். இடம், திறக்கும் நேரம், மூடும் நேரம், விடுமுறை நாள், தொடக்கூடாதவை, முன்பு என்னவாக இருந்தது, பிடித்தது. "நாளைக்கு யாராவது கேட்டா காட்டணும்ல" என்பார். அதனால் பஸ் டிக்கெட்டைக் கூட நான் கசங்காமல் பிடுங்கி வைத்துக்கொள்வேன். ஒருமுறை டீ குடித்த மண் குவளையின் சில்லை மகள் ஒட்டியே தீருவேன் என்று அடம்பிடித்து, அந்தப் புத்தகம் இன்றைக்கும் வயிறு உப்பிக்கொண்டு நிற்கிறது. இந்த ஊர் ஈரத்தில் பசை காயவே காயாது. பக்கங்களை விரித்து, மேலே பூரிக்கட்டையை வைத்து, ஃபேனுக்கு அடியில் காவல் இருக்கவேண்டும். படித்து முடித்து வேலை பார்த்த பொம்பளைக்கு நல்ல பிழைப்பு!

இந்த வருஷம் மழைக்காலத்தில் பழைய ஆபீஸிலிருந்து மேடம் போன் செய்தார். ஓர் இடம் காலி, திரும்ப வருகிறாயா, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கணவரிடம் சொன்னேன். "இப்ப எதுக்கும்மா அவசரம்? பாப்பா கொஞ்சம் வளரட்டும்" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த வார இறுதியில் மழை கொட்டித் தீர்த்தது. எங்கள் சந்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அவரால் வர முடியவில்லை. மகள் பால்கனி கிரில்லில் முகத்தைப் பதித்துக்கொண்டு, "அம்மா, இன்னைக்கு கோதாயும் போக முடியாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். 'எங்கே' என்று கேட்க அவளுக்கு வங்காளம்தான் முந்திக்கொண்டு வரும்; கீழ்வீட்டு அம்மா அவளுக்குக் காக்கிமா, அந்த வீட்டு அக்கா தீதி. போனில் அவரோ, "வெளிய போகலைன்னா என்ன, வீட்டுக்குள்ளயே ஏதாவது பண்ணுங்க. பக்கம் விட்டுப்போகக் கூடாது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனேன்.

பின்னாலேயே மகள் பென்சிலும் அட்டையுமாக வந்து சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா, எத்தனை மணிக்குத் திறப்பே?"

"எதை?"

"உன்னைத்தான். இந்த வாரம் நீதான் ட்ரிப்பு."

"அஞ்சரைக்கு. இறங்குடி, எண்ணெய் தெறிக்கும்."

"எப்ப மூடுவே?"

"மூடினாத்தானே!"

"எந்த நாள் லீவு?"

"எனக்கு ஏதுடி லீவு?"

"முன்னாடி என்னவா இருந்தே?"

"மனுஷியா இருந்தேன்" என்றேன். வெங்காயக் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, எரிச்சலில் அவளை ஹாலுக்கு விரட்டினேன்.

மறுநாளும் தண்ணீர் வடியவில்லை. பக்கத்தை அவளே ஒட்டி முடித்து, என் போனிலிருந்து அப்பாவுக்குப் படம் அனுப்பிவிட்டாள். அவர் அதை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கைதட்டலும் சிரிப்புப் பொம்மையுமாக வந்து விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் நான் படித்தேன். கோணல் தமிழ், பச்சை ஸ்கெட்ச். இடம்: அம்மா. மூடும் நேரம்: மூடினாத்தானே. விடுமுறை நாள்: கிடையாது. தொடக்கூடாதவை: போன் பேசி முடித்ததும் அம்மாவை. முன்பு என்னவாக இருந்தது: மனுஷி. பிடித்தது: கீழ்வீட்டு காக்கிமாவோட பேசும்போது சிரிச்சது.

அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. அவருக்குப் போன் போட்டேன்.

"நம்ம பொண்ணுக்கு என்ன நக்கல் பாத்தியா!" என்று சிரித்தார். "அண்ணன் விழுந்து விழுந்து சிரிக்கிறாராம்."

"படிச்சீங்களா?"

"பாத்தேனே."

"பாத்தது போதும். வாய்விட்டுப் படிங்க."

"என்னம்மா விளையாட்டு..."

"படிங்கன்னா படிங்க."

படித்தார். 'விடுமுறை நாள்' வந்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது. 'மனுஷி'யில் நின்றுவிட்டது.

"இது நீ சொன்னதா?"

"நான் சொன்னதுதான்."

"சரிம்மா. அடுத்த ஞாயிறு வந்து பேசலாம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்ங்க. வரேன்னு சொல்லப்போறேன்."

"அப்ப பாப்பா?" என்றார். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததே இல்லை. அதனால்தான் இவ்வளவு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள் போனைப் பறித்துக்கொண்டாள்.

"அப்பா, காக்கிமா வீட்டு தீதி ஸ்கூல்ல எல்லாரும் ஒண்ணா பஸ்ல ட்ரிப் போவாங்களாம். பாட்டெல்லாம் பாடுவாங்களாம். வந்து எதையும் ஒட்ட வேண்டாமாம். நான் அங்க போறேம்ப்பா. ப்ளீஸ்ப்பா."

மேஜையில் பூரிக்கட்டைக்கு அடியில் அவளுடைய பக்கம் இன்னும் காயாமல் கிடந்தது. அந்த வீட்டில் அடைபட்டுக் கிடப்பது நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.