வாய்க்காலின் உரசல்

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலைப் பாசன ஆபீசில் இளநிலைப் பொறியாளனாக இருந்தேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்து வாய்க்கால் ஒன்று என் பொறுப்பு. வாய்க்கால் தொடங்கும் மேலூர் வயல்களில் தண்ணீர் நிரம்பி வழியும். கடைமடை ஊரில் நாற்று காயும். நடுவில் மண்டிய கோரையும் காட்டாமணக்கும் தண்ணீரை உரசி உரசியே நிறுத்திவிடும்.

தூர்வார அனுமதி கேட்டேன். நெற்றி நிறைய விபூதியோடு மேலதிகாரி புத்தகத்தைத் திறந்து, மண் வாய்க்காலின் தரைக்கு உரசல் இவ்வளவுதான் என்று அச்சிட்ட எண்ணைக் காட்டினார். அது ஒரே சீராக ஓடும் தண்ணீருக்கு என்றேன். நம் வாய்க்கால் மழை பெய்தால் ஏறும், விட்டால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின்போதே இரண்டு இடத்தில் மட்டம் பார்த்துக் கணக்குப் போட்டால்தான் உண்மையான உரசல் தெரியும் என்றேன். குரல் கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது. புத்தகத்து எண்ணைவிட உரசல் அதிகம் என்று அளந்து நிரூபித்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். கடைமடையின் நெல் அந்தக் கையெழுத்தில் இருந்தது.

அளக்க வருகிறேன், கடைமடை வரை நடப்பேன் என்று மேலூருக்குச் சொல்லி அனுப்பினேன். அடுத்த மழைக்குப் போய் இறங்கினால், வாய்க்கால் கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது. மேலூரே திரண்டு கடைசிவரை வெட்டிச் சீவியிருந்தது. அளவுகோல் நட வேண்டிய கரையில் கோலம் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று கத்தினேன்.

கோலம் போட்ட அம்மாள் நிதானமாகச் சொன்னார்: "பொண்ணு பாக்க வர்றாங்கன்னா ஊடு பெருக்கமாட்டமா சார்? ஆபீசரு வர்ற எடம்."

அளந்தேன், வேறென்ன செய்வது? விடை புத்தகத்து எண்ணை ஒட்டியே வந்தது. மேலதிகாரி காபி வாங்கிக் கொடுத்தார். ஊரே வெட்டிவிட்டதால் வந்த வினை என்று விளக்கினேன். அப்படியானால் தூர்வாரியாகிவிட்டது, அனுமதி எதற்கு என்றார். கடைமடை மட்டும் அந்தப் போகம் பச்சைப்பசேலென்று நின்றது.

அடுத்த மழைக்காலத்துக்குள் கோரை பழையபடி மண்டிவிட்டது. கடைமடை விவசாயி ஒருவர் பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்தார். அனுமதி கிடைக்காது என்று நானே முந்திக்கொண்டேன். அவர் கையமர்த்தினார்.

"அனுமதில்லாம் வாணாம் சார். அளக்க வர்றேன்னு மேலூருக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிடுங்க. எங்களுக்குன்னா அவங்க மம்பட்டி தூக்க மாட்டாங்க. உங்களுக்குன்னா தூக்குவாங்க. நீங்க வரக்கூட வாணாம்."

படித்த படிப்புக்கு வலித்தது. ஆனாலும் அன்றைக்கே சொல்லி அனுப்பினேன். அந்த வருஷமும் கடைமடையில் நெல் விளைந்தது.